பதில் மணி

இன்பராஜின் தலைமுடி முதலில் சீப்பில் வந்தது. அப்புறம் தலையணையில் வந்தது. சாம்பாரிலும் வரத் தொடங்கிய பிறகுதான் அதை ஒரு பிரச்சினை என்று அவன் ஒப்புக்கொண்டான்.

முப்பது வயதில் முடி கொட்டுவது ஒன்றும் உலக அதிசயமல்ல. அதுவும் கோலார் தங்க வயலில் அந்த வருஷம் அதைவிடப் பெரிய விஷயங்களெல்லாம் கொட்டிப் போய்க்கொண்டிருந்தன. சுரங்கத்தை மூடலாமா வேண்டாமா என்று பார்க்க ஒரு கமிட்டி வந்தது. டீ குடித்தது, போயிற்று. அந்தக் கமிட்டி சொன்னது சரியா என்று பார்க்க இன்னொரு கமிட்டி வந்தது, அதுவும் டீ குடித்தது. கடைசியில் இரண்டாயிரத்து ஒன்று பிப்ரவரியோடு மூடுவது என்று முடிவாயிற்று. ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் தன் தலையில் முடி இல்லை என்று ஒப்பாரி வைத்தால் யார் காது கொடுப்பார்கள்?

ஆனால் இன்பராஜின் சோறு அந்தத் தலையில்தான் இருந்தது.

மாரிகுப்பத்திலிருந்து விடிகாலை பாசஞ்சரில் ஏறி, பெங்களூரில் நெட்விராட் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனிக்கு அவன் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தான். ஒரு கம்ப்யூட்டர் சொல்வதை இன்னொரு கம்ப்யூட்டரிடம் கொண்டுசேர்க்கும் பெட்டிகளை அந்தக் கம்பெனி விற்றது. பெட்டிகள் தைவானில் செய்யப்பட்டவை. ஸ்டிக்கர் சிவாஜி நகரில் அடித்தது. ஸ்டிக்கரை ஒட்டும் வேலைக்கு 'டெக்னாலஜி இன்டக்ரேஷன்' என்று பெயர். கம்பெனிக்கு பிரெசிடென்ட் என்று யாரும் கிடையாது. வைஸ் பிரெசிடென்ட் மட்டும் நான்கு பேர். அவர்களில் ஒருவர் உதய். அவர்தான் இன்பராஜின் மேலதிகாரி. காற்றடித்தாலும் நிலநடுக்கம் வந்தாலும் அசையாத தலைமுடி அவருக்கு. காலையில் ஜெல் பூசி வாரினால் சாயங்காலம் வரை ஹெல்மெட்.

ஜனவரியில் ஒருநாள் அவர் இன்பராஜைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இன்பா, ஃபிராங்கா சொல்றேன். அமெரிக்காவுல மார்க்கெட் விழுது. இங்கேயும் ஆள் குறைப்பாங்க. கேபிள் இழுக்கிற பசங்களையெல்லாம் காண்ட்ராக்டுக்குத் தள்ளிடுவோம். கஸ்டமர் முன்னாடி நிக்கிறவன் மட்டும்தான் பேரோல்ல இருப்பான். நீ டெக்னிக்கலா டாப். ஆனா பெட்டி தானா விக்காதுப்பா. பெட்டிக்கு மேல தெரியுற தலைதான் விக்கும்."

"முடியைச் சொல்றீங்களா சார்?"

"கான்ஃபிடன்ஸைச் சொல்றேன். முடி அதோட இன்டிகேட்டர் லைட்." சொல்லிவிட்டு, தான் சொன்னதன் ஆழத்தில் தானே கொஞ்ச நேரம் முங்கிக் கிடந்தார். "பிப்ரவரி கடைசியில சிங்கப்பூர்லேருந்து ஆளுங்க வர்றாங்க. பெரிய டெமோ. நீதான் நிக்கணும்னு ஆசைப்படறேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணு."

அன்றிலிருந்து இன்பராஜின் தலை ஊர்ப் பொதுச்சொத்தாயிற்று. மருந்துக்கடை லோஷனை ஃபில்லரில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தான். முன்பு மெதுவாகக் கொட்டிய முடி இப்போது லோஷன் வாசனையோடு கொட்டியது. பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மா சின்ன வெங்காயத்தை அரைத்துப் பூசச் சொன்னாள். பூசிக்கொண்டு ரயில் ஏறினால் பங்காருப்பேட்டை வரை அவனுக்கு ஜன்னல் ஓரமும், இரண்டு பக்கமும் காலி இடமும் கிடைத்தன. அந்த வைத்தியத்தில் கண்ட பலன் அது ஒன்றுதான். ஜெயநகரில் ஒரு கேச சிகிச்சை நிலையம் இருந்தது. அங்கே டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "உங்க முடி சாகலை சார், தூங்குது, எழுப்பிடலாம்" என்றார். டாக்டரின் சொந்த முடி ஒரு பக்கமாக நகர்ந்து காதின்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. இன்பராஜ் எழுந்து வந்துவிட்டான்.

எந்த வைத்தியமும் பிடிக்காததைப் பார்த்த கிருஷ்ணம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவருக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"டேய் இன்பா, இது வியாதி இல்லடா. உங்க நைனாவுக்குக் குடுக்காத முடி. அந்த மன்சன் தானே வந்து ஒண்ணொண்ணா எடுத்துக்கினு போறாரு."

முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் அம்மா டெய்சி, முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவன் நைனா சகாயம், இன்பராஜுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள் ஷிப்டுக்கு இறங்கினார். அன்று மத்தியானம் பூமிக்கடியில் பாறை வெடித்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் அலமாரிப் பாத்திரங்கள் கடகடவென்று ஆடி நின்றன. பாத்திரம் ஆடினால் கீழே பாறை வெடித்திருக்கிறது என்று தங்க வயலில் பால்குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். சகாயம் இருந்த லெவல் முழுக்க மூடிக்கொண்டது. தோண்டப் போனால் தோண்டுகிறவர்களும் போவார்கள் என்று சொல்லி, மேனேஜ்மென்ட் அங்கே ஒரு சுவரை எழுப்பிவிட்டு ஒரு இரங்கல் கூட்டமும் போட்டது. கூட்டத்தில் பேசிய அதிகாரி சகாயத்தின் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னார்.

டெய்சி அதை ஏற்கவில்லை. சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனும் டைம் ஆபீசில் ஒரு பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்குவான், ஏறி வந்து ஆணியில் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். "டோக்கன் வரல. அந்தாளுக்கு ஷிப்ட் முடியல" என்றாள் அவள். சர்ச் சாமியார் பூசை வைக்கிறேன் என்றார், வேண்டாம் என்றாள். வடஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில், கிறிஸ்தவர்களானாலும், அப்பன் செத்தால் பிள்ளைக்குத் தலைமழிப்பது உண்டு. அதற்காக வந்து நின்ற முடிதிருத்துபவர் முனிரத்தினத்தையும் வாசலோடு திருப்பியனுப்பினாள். கல்லறைத் தோட்டத்தில் மாமனார் மாமியார் பக்கத்தில் ஒரு குழியளவு இடம் அன்றிலிருந்து காலியாகவே கிடந்தது.

கிருஷ்ணம்மாவின் தீர்ப்பைக் கேட்டு மனசு கெட்டுப்போய்த்தான் இன்பராஜ் அன்று சாயங்காலம் காத்தவராயனிடம் போனான்.

காத்தவராயன் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். அதாவது, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் பெரிய எஞ்சினை ஓட்டுபவர். ஊரில் எந்தப் பேச்சு வந்தாலும் அதைத் தன் எஞ்சினுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். இன்பராஜின் தலையையும் அப்படியே கொண்டுவந்து சேர்த்தார்.

"கேஜ் கயிறு பாத்துக்கிறியா? எத்தினி வருசமா எத்தினி ஆயிரம் பேரத் தூக்கிகினு கீது. ஒரு இழை கொட்டி இருக்குதா? இன்னா காரணம்? கிரீஸ்! ரோப் கிரீஸ்! இரும்பு இழையே நிக்குதுன்னா உன் மசுரு நிக்காதா?"

"மாமா, நீங்க ஏன் தடவிக்கல?" காத்தவராயனின் தலை, சிலேட்டுப்பலகை மாதிரி, விளக்கொளியில் மின்னியது.

"டேய், டிரைவர் கயித்த ஓட்டுவான். கயிறு ஆவ முடியுமா?"

எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா வாங்கிய ஒருவன் இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். ஆனால் தங்க வயலில் வளர்ந்தவனுக்கு எதில் சந்தேகம் வந்தாலும் அந்தக் கயிற்றின்மேல் வராது. அப்பன், தாத்தன் எல்லாரும் உயிரை அதன்மேல் வைத்துத்தான் இறங்கினார்கள். காத்தவராயன் டிரம்மிலிருந்து வழித்துக் கொடுத்த கறுப்புக் கிரீஸை, ஒரு டப்பாவில் வாங்கிவந்து, எண்ணெயில் குழைத்துத் தலையில் தேய்த்துக்கொண்டான். வெங்காயத்துக்கே தனி இடம் கொடுத்த ரயில், இதற்கு ஒரு பெட்டியையே காலி செய்தது.

முடி கொட்டுவது நின்றது.

குறைந்ததல்ல, நின்றது. தலையணை சுத்தம், சீப்பு சுத்தம், சாம்பார் சுத்தம். கையில் சுற்றி இழுத்தாலும் ஒரு இழை வரவில்லை. இரண்டு வாரத்தில் அடர்ந்து, முறுக்கிக்கொண்டு, கம்பி மாதிரி நின்றது. உதய் அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா? கான்ஃபிடன்ஸ்!" என்று தன் தோளையே தட்டிக்கொண்டார். டெமோவுக்கு இன்பராஜ்தான் என்று அன்றைக்கே எல்லாருக்கும் சொன்னார்.

கனம் தொடங்கியதும் அந்த வாரம்தான்.

ரயில் மாரிகுப்பத்தை விட்டு நகர்ந்ததும் உச்சந்தலையில் யாரோ கயிறு கட்டித் தொங்குவது மாதிரி ஒரு பாரம். பங்காருப்பேட்டையில் கழுத்து வலித்தது. பெங்களூரில் இறங்கும்போது தாடை மார்பைத் தொட்டது. சாயங்காலம் திரும்பி வர வர இறங்கியது. தலைவலி மாத்திரை போட்டுப் பார்த்தான், கேட்கவில்லை. தூரம் கூடினால் பாரம் கூடுகிறது, குறைந்தால் குறைகிறது என்பது புரிந்த அன்று அவன் ரயிலில் எழுந்து நின்றுவிட்டான். கயிறு நீளமானால் கயிற்றின் கனமும் கூடும். இது காத்தவராயன் அடிக்கடி சொல்கிற பாடம்.

ஆபீசில், டெமோவுக்காக அடுக்கிவைத்திருந்த ஸ்விட்ச் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தான். கூட வேலைபார்க்கும் கன்னடப் பெண் சுனிதா முகம் சுளித்தாள்.

"ஏன்ரீ இது? இந்த போர்ட்ல கேபிளே இல்ல. லைட் எதுக்கு எரியுது?"

ஒன்றும் செருகாத ஓட்டைக்கு மேலே பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. மூன்று தடவை. நிறுத்தம். மறுபடி மூன்று தடவை. சுனிதா பெட்டியை மாற்றினாள். புதுப் பெட்டியிலும் அதே ஓட்டை, அதே மூன்று. மின்சாரத்தையே பிடுங்கினாள். அணைவதற்கு முன்னால் அது நிதானமாக மூன்று மின்னி முடித்தது.

"தைவான் மால்" என்று தீர்ப்பு எழுதிவிட்டு அவள் காபி குடிக்கப் போனாள்.

இன்பராஜ் போகவில்லை. ஒரு மணி அடித்தால் நில். இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறியிருக்கிறது, தூக்கு. தங்க வயல் பிள்ளைகள் தெருவில் விளையாடுவதே இந்தக் கேஜ் மணியை வைத்துத்தான்.

அன்று வீடு திரும்பியதும் அம்மாவிடம், டெமோ எந்த நாள் என்பதை மட்டும் சொன்னான். பிப்ரவரியின் கடைசி நாள்.

"அன்னிக்குத்தான் கடசீ கேஜ்" என்றாள் டெய்சி. "பம்ப நிறுத்திருவாங்க. தண்ணி ஏறிக்கும். அந்தாளு எப்படிடா மேல வருவாரு?"

இத்தனை வருஷத்தில் அவள் இதைக் கேட்டது அன்றுதான். அருகே வந்து, அவன் தலையைப் பிடித்துக் குனியவைத்து முகர்ந்து பார்த்தாள். கை அப்படியே நின்றது.

"இது உங்க நைனா தலை வாசன."

மறுநாள் ஞாயிறு. இன்பராஜ் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, காத்தவராயன் முதன்முறையாகத் தன் எஞ்சினைப் பற்றிப் பெருமையடிக்காமல் பேசினார்.

"அன்னிக்குக் கீழ மணிக்கம்பி அறுந்துப்போச்சு. அந்தாளு அடிச்சாரா இல்லியா, யாருக்கும் தெரியாது. மேல கேக்கல. ஆனா ரூல் ஒண்ணுதான்டா. கீழ அடிச்ச மணியத் திருப்பி மேலேருந்து அடிக்கணும். பதில் மணி. அது போவாம கேஜ் நவுராது. பதில் வராதவன் அங்கேயே நின்னுகினு அடிச்சிகினேதான் இருப்பான்."

"நான் இன்னா பண்ணணும் மாமா?"

"கயிறு உன் தலையில கீது, என்னக் கேக்கற? பதில் குடு. ஆனா ஒண்ணு. தூக்கி வுட்டுட்டு வேற வேலைக்குப் போவக் கூடாது. ஏறி வர்றவன மேல நின்னு வாங்கிக்க ஆள் வேணும். கடசீ நாளு பொழுது சாயறவரைக்கும் நான் எஞ்சின்ல இருப்பேன். அதுக்கப்புறம் யார் அடிச்சாலும் கேக்க நாதி இல்ல."

நியாயமான மகன் அந்த நாளில் ஊரில் இருந்திருப்பான். இன்பராஜ் டெமோவுக்குப் போனான். ஊரில் இருந்த ஒரே வேலை மூடப்படுகிற நாளில், வெளியே இருந்த ஒரே வேலையை விட அவனுக்குத் தைரியம் வரவில்லை. டெமோவை முடித்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். டெய்சி தடுக்கவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

ரெசிடென்சி ரோடு ஆபீசில் சிங்கப்பூர்க்காரர்கள் மூவர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுயர இரும்பு அடுக்கில் பெட்டிகள். பக்கத்தில் இன்பராஜ், அடர்ந்த தலையோடு, கழுத்து நரம்பு புடைக்க நின்றான். உதய் பேசத் தொடங்கியபோது காலை முடியும் நேரம். மனித குலத்தின் தகவல் தேவை பற்றிப் பேசினார். புகைச் சைகையில் ஆரம்பித்து, புறாவுக்கு வந்து, தந்தியைத் தொட்டு, நெட்விராட்டில் வந்து மனித குலத்தை நிறுத்தினார்.

"எங்க நெட்வொர்க்கோட தத்துவம் ஒண்ணே ஒண்ணு, ஜென்டில்மென். ஒரு அழைப்புகூடப் பதில் இல்லாமப் போகாது."

அடுக்கிலிருந்த அத்தனை பெட்டிகளின் அத்தனை விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. பிறகு ஒன்றாக எரிந்தன. மூன்று தடவை. நிறுத்தம். மூன்று தடவை.

சிங்கப்பூர்க்காரர்கள் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள். உதயின் நெற்றியிலிருந்து ஜெல் உருகி வழிந்தது. "இன்பா, அது என்ன? நிறுத்து" என்று சிரித்த வாய் மாறாமல் பல்லுக்கிடையில் சொன்னார். இன்பராஜின் தலை இழுபட்டு இழுபட்டு இடுப்பளவு தாழ்ந்துவிட்டது. பெரிய கும்பிடு போடுகிறான் என்று நினைத்து, வந்தவர்களில் மூத்தவர் எழுந்து பதிலுக்குக் குனிந்தார்.

சுனிதா மட்டும் காதைச் சாய்த்து, "கேக்குதா உங்களுக்கு?" என்று கிசுகிசுத்தாள். "யாரோ தட்டறாங்க."

இன்பராஜுக்குக் கேட்டது. இரும்பில் இரும்பு. ரொம்ப தூரத்தில், ரொம்பப் பொறுமையாக. கோபமில்லாமல், இன்றைக்காவது கேட்கிறதா என்று விசாரிக்கிற மாதிரி.

அவன் திருப்புளியைக் கையில் எடுத்தான். அதன் பிடியால் அடுக்கின் இரும்புச் சட்டத்தில் தட்டினான்.

மூன்று.

விளக்குகளெல்லாம் அசையாமல் எரிந்தன. அவன் உச்சந்தலையில் ஒரு சின்ன உலுக்கல். கேஜ் தரையை விட்டுக் கிளம்பும்போது வருகிற உலுக்கல். பாரம் நகர்ந்தது. மேலே.

"எக்ஸ்க்யூஸ் மீ சார்" என்று சொல்லிவிட்டு அவன் கதவை நோக்கி நடந்தான்.

உதய் வராந்தாவில் வந்து மறித்தார். "எங்க போற? இப்ப வெளிய போனா திரும்ப வராத. சீரியஸா சொல்றேன்."

"எங்க நைனா வர்றாரு சார். ஷிப்ட் முடிஞ்சு."

வைஸ் பிரெசிடென்டுக்கு எல்லா மறுப்புக்கும் பதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வழிவிட்டார்.

மத்தியான ரயிலில் இன்பராஜ் உட்காராமல் கதவோரம் நேராக நின்று வந்தான். பங்காருப்பேட்டையில் வண்டி கிளைப்பாதைக்குத் திரும்பியபோது பாரம் பாதியாகியிருந்தது. உரிகம் தாண்டும்போது கயிற்றின் கனம் போய், ஒரு ஆள் கனம் மட்டும் மிச்சமிருந்தது. பக்கத்தில் நின்றவர் மூக்கை உறிஞ்சி, "யாருப்பா, மைன்ஸ்லேருந்து நேரா வர்றது?" என்று கேட்டார்.

மாரிகுப்பத்தில் தண்டவாளம் முடிகிறது. அந்தக் கடைசி பெஞ்சில் டெய்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், கிழவராகிவிட்ட முனிரத்தினம் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மத்தியானம் பாத்திரமெல்லாம் ஆடிச்சு" என்றாள் டெய்சி. "மூணு வாட்டி. நீ பதில் குடுத்துட்டேன்னு தெரிஞ்சுது."

"அன்னிக்குத் தொரத்தி வுட்ட கத்திதான்மா இது" என்றார் முனிரத்தினம். "தீட்டித் தீட்டிப் பாதியாப் பூடுச்சு. உக்காருப்பா."

டெய்சி சேலை முந்தானையை விரித்துப் பிடித்தாள். கத்தி முதல் இழுப்பில் ஓடியபோது இழுத்தால் வராத அந்த முடி பூப்போல வந்தது. பிளாட்பாரத்தில் இறங்கியவர்கள் நின்றார்கள். கடைசி ஷிப்டை முடித்துக்கொண்டு ஹெல்மெட்டோடு போனவர்கள், என்ன ஏது என்று கேட்காமலே, ஹெல்மெட்டைக் கழற்றினார்கள்.

வழித்து முடித்ததும் இன்பராஜின் கழுத்து, பல நாளுக்குப் பிறகு, தானாக நிமிர்ந்தது. டெய்சி முந்தானையை முடிச்சுப் போட்டுத் தூக்கப் போனாள். தூக்க முடியவில்லை. ஒரு பிடி மயிர்தான். அவன் ஒரு கை கொடுத்தான். முனிரத்தினமும் கைகொடுத்தார். மூவரும் சேர்ந்து தூக்கினார்கள்.

டெய்சி பாரத்தைக் கையில் சரிபார்த்தாள்.

"கொஞ்சம் எளச்சிட்டாரு" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் காலியாகக் கிடந்த இடத்தைக் காலையிலேயே அவள் வெட்டிவைத்திருந்தாள். மேற்கே, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சுரங்க ஷாஃப்டின் மேலே, கேஜ் கயிற்றை இழுக்கும் பெரிய சக்கரம் இன்னும் சுற்றியது. அவர்கள் மூட்டையைக் குழிக்குள் மெல்ல இறக்கினார்கள். அது அடியைத் தொட்டதும் சக்கரமும் நின்றது.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பில் இரும்பு. ஒரே ஒரு தடவை.

முனிரத்தினம் சிலுவை போடத் தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். இன்பராஜ் அம்மாவைப் பார்த்தான். அவள் அழவில்லை. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தாள்.

"பதில் குடுக்காட்டி அந்தாளு கேஜ வுட்டு எறங்க மாட்டாரு" என்றாள். மாமனார் கல்லறையின் கருங்கல் விளிம்பில் ஒரு தடவை தட்டினாள்.